ஒரு தேதியை மாற்றிய கதை: நமது 57 எம்.பி.க்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குப் போயிருக்கும் 39 பேருக்கும், மாநிலங்களவையில் இருக்கும் 18 பேருக்கும் வணக்கம்.

கட்சி பார்த்து எழுதவில்லை. கட்சிகள் வாங்கும் வெளிநாட்டு நன்கொடையைப் பற்றி நான் சொல்லவரும் விஷயத்தில் ஒரு கட்சி இன்னொரு கட்சியைப் பார்த்துக் கைநீட்ட முடியாது. அதனால் மொத்தமாக 57 பேருக்கும் ஒரே மடல்.

நான் தூத்துக்குடிக்காரன். முப்பது வருடத்துக்கு மேலாக அடுத்தவர் கணக்கை எழுதிப் பிழைக்கிறேன். உப்பு வியாபாரம், லாரி செட், ஜவுளிக்கடை, அப்புறம் இரண்டு மூன்று அறக்கட்டளைகள். அதில் ஒன்று முதியோர் இல்லம். முன்பு இங்கே ஒரு மருத்துவமனையில் நர்சாக வேலை பார்த்துவிட்டு ஜெர்மனிக்குத் திரும்பிப்போன ஒரு அம்மாள், வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு அந்த இல்லத்துக்கு 250 யூரோ அனுப்புவார். பாட்டிமாருக்குப் புதுச் சேலை, ஒரு வேளைப் பிரியாணி, மிச்சத்தில் கம்பளிப் போர்வை. அவ்வளவுதான் அந்த வெளிநாட்டு நிதி.

2020 செப்டம்பரில் எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தை நாடாளுமன்றம் திருத்தியது. வெளிநாட்டுப் பணம் வாங்கும் எந்த அமைப்பும் டெல்லியில் இருக்கும் ஒரே ஒரு வங்கிக் கிளையில்தான் அதை முதலில் வாங்கவேண்டும் என்றார்கள். நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்றிருந்ததை 20 ஆக்கினார்கள். வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கொடுத்து உதவுவது அடியோடு தடை. பொறுப்பாளர்கள் எல்லோரும் ஆதார் கொடுக்கவேண்டும். இல்லத்தின் செயலாளர் எழுபது வயது தாண்டிய அம்மா. டெல்லியில் கணக்கு தொடங்க அவரும் நானும் தயார்செய்த காகிதக் கட்டு அந்த இல்லத்தின் மளிகைப் பேரேட்டைவிடத் தடிமனாக இருந்தது. கணக்கு நடைமுறைக்கு வரும்வரை அந்த ஆண்டு வந்த பணத்தைத் தொட முடியவில்லை. போர்வை பங்குனி வெயிலில் வந்து சேர்ந்தது.

புலம்புவதற்காக இதைச் சொல்லவில்லை. வெளிநாட்டுப் பணம் எங்கிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது என்று அரசு கேட்பதில் தப்பில்லை என்றுதான் அந்த அம்மாவிடமும் சொன்னேன். அந்தப் படிவங்களை நிரப்புவதற்காகச் சட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. அதற்காகத்தான் இந்த மடல்.

இந்தச் சட்டம் அறக்கட்டளைகளுக்காகப் பிறந்ததே அல்ல. 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், முதல் சட்டம் வந்தபோது அதன் முக்கியமான கவலை அரசியல்தான். கட்சிகள், வேட்பாளர்கள், சட்டமன்ற நாடாளுமன்ற உறுப்பினர்கள், அரசு ஊழியர்கள், பத்திரிகையாளர்கள் ஆகியோர் வெளிநாட்டுப் பணத்தை வாங்கவே கூடாது. அறக்கட்டளை கணக்கு காட்டி வாங்கலாம், கட்சிக்கு அதுவும் கிடையாது. 2010-இல் புதுச் சட்டம் வந்தபோதும் இந்தத் தடை அப்படியே நின்றது. மீறினால் ஐந்தாண்டு வரை சிறை. காகிதத்தில் பார்த்தால் உலகத்திலேயே கறாரான சட்டங்களில் ஒன்று.

சரி, நடந்தது என்ன?

2014 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கமும், மத்திய அரசின் முன்னாள் செயலாளர் ஈ.ஏ.எஸ். சர்மாவும் தொடுத்த வழக்கு அது. லண்டனில் பதிவான வேதாந்தா ரிசோர்ஸஸ் என்ற கம்பெனிக்குச் சொந்தமான ஸ்டெர்லைட், சேசா கோவா நிறுவனங்களிடமிருந்து பா.ஜ.க.வும் காங்கிரசும் நன்கொடை வாங்கியது 1976 சட்டத்துக்கு விரோதம் என்றார்கள் நீதிபதிகள். "கம்பெனியின் பெரும்பங்கு வைத்திருப்பவர் இந்தியர்தானே" என்ற வாதம் எடுபடவில்லை. கம்பெனி எங்கே பதிவாகியிருக்கிறது என்பதைத்தான் பார்க்க முடியும் என்றார்கள். ஆறு மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசுக்கும் தேர்தல் ஆணையத்துக்கும் உத்தரவு.

ஸ்டெர்லைட் என்ற பெயரை ஒரு தூத்துக்குடிக்காரன் எப்படி வாசிப்பான் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இரண்டு கட்சியும் உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போயின. நாட்டில் வேறு எதிலும் ஒத்துப்போகாத இருவர் ஒரே திண்ணையில் உட்கார்ந்த காட்சி அது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 2016 நிதி மசோதாவில் 'வெளிநாட்டு ஆதாரம்' என்பதற்கான விளக்கம் மாற்றப்பட்டது. அதுவரை ஒரு கம்பெனியின் பங்குகளில் பாதிக்கு மேல் வெளிநாட்டவர் கையில் இருந்தால் அது வெளிநாட்டு ஆதாரம். மாற்றத்துக்குப் பிறகு, அந்தத் தொழிலில் அந்நிய முதலீட்டுக்கு அரசு அனுமதித்த வரம்புக்குள் இருந்தால் அது வெளிநாட்டு ஆதாரமே அல்ல. கேட்பதற்கு நியாயம்போலத் தோன்றும். ஆனால் இங்கே எத்தனையோ தொழில்களில் அந்த வரம்பு 100 சதவீதம். முழுக்க முழுக்க வெளிநாட்டவருக்குச் சொந்தமான கம்பெனியும் இந்தக் கணக்கில் உள்ளூர்க் கம்பெனி ஆகிவிடும். எங்கள் ஜெர்மன் அம்மாள் மட்டும் சாகும்வரை வெளிநாட்டவர்தான்.

இந்த மாற்றம் 2010 செப்டம்பர் 26 முதலே நடப்பில் இருந்ததாகக் கருதப்படும் என்றும் எழுதிவைத்தார்கள். அதைக் காட்டி 2016 நவம்பரில் இரு கட்சிகளும் மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. ஆனால் கணக்கு நேராகவில்லை. உயர் நீதிமன்றம் சொன்ன நன்கொடைகள் பழைய 1976 சட்டம் நடப்பில் இருந்தபோது வாங்கியவை. 2010 வரை பின்னால் போனால் போதாது.

அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். 2018 நிதி மசோதாவில் ஒரு பிரிவு. நான் தினமும் பார்க்கும் கணக்குப் புத்தகங்களில் தேதியை அடித்துத் திருத்தினால் வருமான வரிக்காரர் சும்மா விடமாட்டார். இங்கே செய்தது அதேதான். 2016 நிதிச் சட்டத்தின் 236ஆம் பிரிவில் 26 செப்டம்பர் 2010 என்று இருக்கும் இடத்தில் 5 ஆகஸ்ட் 1976 என்று மாற்றிக்கொள்ளவும். அவ்வளவுதான் அதன் சாரம். கட்சி என்ற சொல் கிடையாது, நன்கொடை என்ற சொல் கிடையாது. படித்துப் பார்த்தால் அச்சுப்பிழையைத் திருத்துகிறார்கள் என்றுதான் நினைப்போம். 2010-இல் பிறந்த சட்டம் 1976 முதலே திருத்தப்பட்டது. பிள்ளை பிறப்பதற்கு 34 வருடம் முன்பே காது குத்திவிட்டார்கள்.

2018 மார்ச் 14 அன்று அந்த மசோதா மக்களவையில் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. பேச்சை வெட்டிவிட்டு நேரே வாக்கெடுப்பதைக் கில்லட்டின் என்கிறீர்களே, அந்த முறையில், அரை மணி நேர அளவில், கூச்சல் குழப்பத்துக்கு நடுவே. அந்தக் கூட்டத்தொடரில் நம் ஊர் உறுப்பினர்கள் காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு அவையின் நடுவே நின்று முழக்கமிட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று தமிழ்நாட்டின் 39 இடங்களில் 37 அ.தி.மு.க.வுடையவை. காவிரிக்காகக் கத்தியதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தண்ணீர் கேட்டுத் தொண்டை வறண்டவர்களின் தலைக்கு மேலேயே இது கடந்துபோனது என்பதுதான் வருத்தம்.

அதற்கு ஒரு வாரம் கழித்து நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பேஸ்புக் பயனர்களின் தகவல்களை எடுத்துத் தேர்தல் பிரசாரத்துக்குப் பயன்படுத்திய கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்த நேரம். பேஸ்புக் இந்தியத் தேர்தலில் குறுக்கிட முயன்றால் கடும் நடவடிக்கை எடுப்போம், தேவைப்பட்டால் ஜக்கர்பெர்க்குக்கே சம்மன் அனுப்புவோம் என்று மார்ச் 21 அன்று மத்திய அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் எச்சரித்தார். எச்சரிக்கவேண்டிய விஷயம்தான். ஆனால் 42 வருடத்து வெளிநாட்டு நன்கொடைகளை ஒரே வரியில் சுத்திகரித்த ஏழாவது நாளில் அது வந்தது.

அதே ஆண்டு மே 22. எங்கள் ஊரில் ஸ்டெர்லைட்டை மூடச் சொல்லி ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போனவர்கள் மீது போலீஸ் சுட்டது. 13 பேர் இறந்தார்கள். மார்ச் 14-க்கும் மே 22-க்கும் இடையே 69 நாள். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை, ஆதாரம் இல்லாமல் எழுதுவது என் தொழிலுக்கு ஆகாது. ஒரு கம்பெனி யாருக்கு எவ்வளவு கொடுத்தது, அது சட்டப்படி சரியா என்று கேட்கும் கதவை மட்டும் 69 நாளுக்கு முன் வெளியிலிருந்து பூட்டியிருந்தார்கள் என்கிறேன்.

பழைய கதையை எதற்குக் கிளறுகிறாய், தேர்தல் பத்திரத்தைத்தான் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதே என்று கேட்பீர்கள். 2024 பிப்ரவரி 15 தீர்ப்பு பெரிய தீர்ப்புதான். ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். யார் கொடுத்தது என்பதை மறைக்கும் பத்திரம் போனது, கம்பெனிகள் லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது என்ற பழைய வரம்பு திரும்பி வந்தது. ஆனால் எஃப்.சி.ஆர்.ஏ. திருத்தம் அந்தத் தீர்ப்பில் இல்லை. 2023 ஜனவரியிலேயே வழக்குகளை மூன்றாகப் பிரித்து, பத்திரங்களை ஒரு கட்டாகவும் இதைத் தனிக் கட்டாகவும் நீதிமன்றம் வைத்துவிட்டது. மரத்தை வெட்டிவிட்டார்கள் என்று ஊரே கைதட்டுகிறது, வேர் இன்னும் நிதிச் சட்டங்களுக்குள் கிடக்கிறது.

இந்த ஆபத்தை நான் ஒருவன் கண்டுபிடிக்கவில்லை. 2019 மார்ச்சில் தேர்தல் ஆணையமே உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில் இதைச் சொல்லியிருக்கிறது. இந்தத் திருத்தத்தால் கட்சிகளுக்குத் தடையில்லாமல் வெளிநாட்டு நிதி வரலாம், நாட்டின் கொள்கைகளே வெளிநாட்டுக் கம்பெனிகளின் செல்வாக்குக்கு ஆட்படலாம் என்பது ஆணையத்தின் கவலை.

தேர்தல் பத்திரம் பற்றிப் பேச்சு வந்ததால் நம் ஊர்க் கணக்கையும் ஒரு நிமிடம் பார்த்துவிடுவோம். 6,000 கோடிக்கு மேல் வாங்கிய பா.ஜ.க.வைப் பற்றி மட்டும் பேசினால் இந்த மடல் பாதிப் பேரிடம்தான் போய்ச் சேரும். தி.மு.க. பத்திரங்கள் மூலம் பெற்றது 656.5 கோடி. அதில் 509 கோடி ஒரே ஒரு லாட்டரி நிறுவனம் கொடுத்தது. 2003 முதல் லாட்டரிச் சீட்டு விற்கத் தடை இருக்கும் மாநிலம் இது. கொடுத்தவர் பெயரைக் கட்சி தானே முன்வந்து சொன்னதைப் பாராட்டுகிறேன், அது சில கட்சிகளே செய்த காரியம். ஆனாலும் 1967 தேர்தலுக்கு 10 லட்சம் இலக்கு வைத்து, ஊர் ஊராகப் போய் 11 லட்சம் திரட்டிய கருணாநிதியை, அண்ணா வேட்பாளர் பட்டியல் வாசிக்கும்போது பெயர் சொல்லாமல் 'பதினொரு லட்சம்' என்றே அறிவித்தாரே, அந்தக் கட்சி இது. அன்றைக்குக் கொடுத்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்தால் எனக்கு இந்த 509 கோடி கொஞ்சம் சின்னதாகத் தெரிகிறது.

வெளிநாட்டுக் கை என்ற சொல் நமக்குப் புதிது அல்ல. 2012 பிப்ரவரியில், இடிந்தகரையில் மீனவப் பெண்கள் பந்தலில் உட்கார்ந்து கூடங்குளம் அணு உலைக்கு எதிராகப் போராடிக்கொண்டிருந்தபோது, பிரதமர் மன்மோகன் சிங் ஓர் அறிவியல் இதழுக்கு அளித்த பேட்டியில் அமெரிக்காவைச் சேர்ந்த தன்னார்வ நிறுவனங்களைக் காரணம் காட்டினார். 2025 பிப்ரவரியில், இந்திய வாக்குப்பதிவை அதிகரிக்க அமெரிக்கா 2.1 கோடி டாலர் ஒதுக்கியிருந்தது என்று அங்கிருந்து ஒரு செய்தி வந்ததும் இங்கே ஆளும் கட்சி எதிர்க்கட்சியைத் திட்டியது, எதிர்க்கட்சி ஆளும் கட்சியைத் திட்டியது. அந்தப் பணம் வங்கதேசத்துக்கானது என்று சில நாளிலேயே ஓர் ஆங்கில நாளேடு ஆவணத்தோடு எழுதியது. வெளிநாட்டுப் பணம் வந்ததா என்று தெரியாதபோது இவ்வளவு சத்தம். வந்தது, வாங்கினார்கள், சட்டவிரோதம் என்று ஒரு உயர் நீதிமன்றம் எழுதிக் கையெழுத்துப் போட்ட விஷயத்தில் மட்டும் சத்தமே இல்லை.

மற்ற நாடுகளில் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்டால், பல இடங்களில் இதே தலைவலிதான். பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 பவுண்டுக்கு மேல் கொடுப்பவர் யார் என்று பார்த்துத்தான் கட்சி வாங்கவேண்டும். ஆனால் அங்கே பதிவாகித் தொழில் செய்யும் கம்பெனி கொடுக்கலாம், அதன் முதலாளி எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் சரி. அந்த ஓட்டை வழியாக எலான் மஸ்க் பணம் கொடுத்துவிடுவாரோ என்று சமீபத்தில் அங்கே பெரிய விவாதமே நடந்தது. ஆஸ்திரேலியா 2018-இல்தான் விழித்துக்கொண்டு வெளிநாட்டு நன்கொடைக்குத் தடை போட்டது. கனடா 2007 முதல் கம்பெனி நன்கொடையையே எடுத்துவிட்டது. நாமும் 1969-இல் அதைச் செய்து பார்த்தோம். செக்கில் வந்தது பெட்டியில் வர ஆரம்பித்ததுதான் மிச்சம், 1985-இல் தடையை நீக்கினோம். ஆகவே கம்பெனி நன்கொடை முழுக்கத் தடை என்று உங்களிடம் நான் கேட்கப்போவதில்லை. வேலூர் மக்களவைத் தேர்தலும் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும் பணத்தால் ரத்தான மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு அப்படிக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரரே சிரிப்பார். வேட்பாளர் செலவுக்கு வரம்பு வைத்துவிட்டுக் கட்சி செலவுக்கு வரம்பே வைக்காத சட்டத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு மடல் ஆகும்.

நான் கேட்பது சின்னது. 2016-க்கு முன்பிருந்த விளக்கத்துக்குத் திரும்புங்கள். பாதிக்கு மேல் வெளிநாட்டவர் கையில் இருக்கும் கம்பெனி, அது எந்தத் தொழில் செய்தாலும், கட்சிக்கும் வேட்பாளருக்கும் பணம் கொடுக்கக்கூடாது. முன்தேதியிட்ட அந்த வரி போகவேண்டும். இன்னொன்று, கொடுப்பது கம்பெனி என்றால் அதன் உண்மையான சொந்தக்காரர் யார் என்பதையும் கட்சி தன் கணக்கில் எழுதவேண்டும். அறக்கட்டளைப் பொறுப்பாளருக்கு ஆதார் கேட்கும் அரசால் இதைக் கேட்க முடியும். 20,000 ரூபாய்க்குக் கீழே வரும் நன்கொடைக்குப் பெயர் சொல்லத் தேவையில்லை என்ற வசதியையும் பாருங்கள். பத்தொன்பதாயிரம் பத்தொன்பதாயிரமாகத் துண்டு போடுவது எப்படி என்று எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முக்கியமாக, நிதி மசோதாவுக்குள் ஒளித்து வைக்காதீர்கள். பண மசோதா என்றால் மாநிலங்களவை பரிந்துரை மட்டும்தான் செய்ய முடியும், தடுக்க முடியாது. கட்சிக்கு யார் பணம் கொடுக்கலாம் என்பதற்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? எஃப்.சி.ஆர்.ஏ. தனிச் சட்டம். அதைத் திருத்தத் தனி மசோதாவாகக் கொண்டுவந்து இரண்டு அவையிலும் பேசி வாக்கெடுங்கள். அப்படிக் கொண்டுவரும்போது முதியோர் இல்லங்களின் கழுத்தை இன்னும் இறுக்கும் சட்டமாக அதை மாற்றிவிடவும் வேண்டாம். அந்த ஆசை எல்லா அரசுக்கும் வரும்.

கொறடா உத்தரவு இருக்கிறது, தலைமையைக் கேட்காமல் எதுவும் செய்ய முடியாது என்று உங்களில் பலர் மனதுக்குள் சொல்வது கேட்கிறது. அமைச்சர் அல்லாத உறுப்பினர் சொந்தமாகக் கொண்டுவரும் தனிநபர் மசோதாவுக்குக் கொறடா எதற்கு? அரசு கொண்டுவந்தால்தான் நிறைவேறும் என்பதும் தெரியும், 1970-க்குப் பிறகு ஒரு தனிநபர் மசோதாகூட இரு அவையிலும் நிறைவேறிச் சட்டமானதில்லை. ஆனால் 2015 ஏப்ரல் 24 அன்று திருநங்கையர் உரிமைக்காக திருச்சி சிவா கொண்டுவந்த மசோதாவை மாநிலங்களவை நிறைவேற்றியதை நாடே திரும்பிப் பார்த்தது. ஒரு அவையில் அப்படி நடந்து பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. அதைச் செய்தவர் நம் ஊர்க்காரர். அவரது மசோதா சட்டமாகவில்லை, சரி. அதன்பிறகு அந்த விஷயத்தை அரசு தட்டிக்கழிக்க முடியாமல் சொந்தமாக ஒரு மசோதா கொண்டுவர வேண்டியிருந்தது.

57 பேரில் ஒருவர் போதும். மசோதாவில் எழுதவேண்டிய முதல் வரி நீளமாகக்கூட இருக்காது. 2018-இல் ஒரு தேதிக்குப் பதில் இன்னொரு தேதியைப் போட்டவர்களுக்கு ஒரே வாக்கியம்தான் தேவைப்பட்டது. அதை எடுக்கவும் அதே அளவு போதும்.

எந்த வெள்ளிக்கிழமை, எந்த அவை, யார் பெயரில் என்று மட்டும் சொல்லுங்கள். அன்றைக்கு மதியம் கடையைச் சாத்திவிட்டு சன்சத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருப்பேன். இல்லத்துச் செயலாளர் அம்மாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.

இப்படிக்கு,
தூத்துக்குடியிலிருந்து ஒரு கணக்குப்பிள்ளை, உங்கள் வாக்காளர்